மங்களநாதரை இளகவைத்த 50 பாடல்கள்!

மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு யாத்திரை போகிறவர்கள் பரமக்குடியைத் தாண்டித்தான் போகவேண்டும். நீங்களும் போயிருப்பீர்கள். பஸ்ஸோ ரயிலோ பரமக்குடியை நெருங்கும்போது, அடுத்த முறை கொஞ்சம் ஜன்னல் வழியே எட்டிப் பாருங்கள். மதுரையில் பார்த்த அதே வைகை இங்கேயும் வந்திருப்பாள்!

சித்திரைத் திருவிழாவில் மதுரையில் கள்ளழகர் வைகையில் இறங்குவது உலகப் பிரசித்தம். அதே போல் பரமக்குடியிலும் சுந்தரராஜப் பெருமாள் கள்ளழகர் திருக்கோலம் பூண்டு இதே வைகையில் இறங்குகிறார். திருவிழா நாளில் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் பெரும்பாலும் வெறும் மணல்தான்.

வெறும் மணல் என்றா சொன்னேன்? தவறு. சோமசுந்தரக் கடவுளே கூலியாளாக வந்து தலையில் சுமந்தது இந்த வைகைக்கரை மண்ணைத்தானே!

பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆவணி மூலம் வந்தாலே நினைவுக்கு வந்துவிடும். அந்தத் திருவிளையாடல் யாருக்காக நடந்ததோ, அவரைப் பற்றித்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அவர் பரமக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு தலத்தில் நின்று ஈசனிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். 50 பாடல்களில் ஒரே ஒரு கோரிக்கை. பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை, நோய் தீரவேண்டும் என்றும் கேட்கவில்லை. என்னை விட்டுவிடாதே என்பது மட்டுமே அவர் கேட்டது.

அவர்தான் மாணிக்கவாசகர். அந்த விண்ணப்பம், திருவாசகத்தில் ஆறாவது பதிகமாக இருக்கும் நீத்தல் விண்ணப்பம். அந்தத் தலம் உத்தரகோசமங்கை.

ஈசனையே இளகவைக்கும்படி பேசுவது எப்படி? சொல்லை எப்படி அடுக்கினால், எந்த இடத்தில் அழுதால், எந்த இடத்தில் கோபித்துக்கொண்டால் அது அவன் செவியில் ஏறும்? இதை மாணிக்கவாசகரைப் போல அறிந்தவர் யாருமில்லை. ஏனென்றால், சொல்லால் காரியம் சாதிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர் அவர்!

அமைச்சராக இருந்தவர்

மதுரைக்கு அருகே, மேலூர் பக்கத்தில் இருக்கிறது திருவாதவூர். அங்கே சம்புபாதாசிரியருக்கும் சிவஞானவதி அம்மையாருக்கும் பிள்ளையாகப் பிறந்தார் வாதவூரர் என்று சொல்வது வழக்கம். அவர் வாழ்ந்த காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. 9-ம் நூற்றாண்டு என்று சொல்பவர்கள் அதிகம்.

இளம் வயதிலேயே கலைகள் எல்லாம் கைவந்தன. அரிமர்த்தன பாண்டியன் அவரை அழைத்துத் தன் முதலமைச்சராக்கி, தென்னவன் பிரமராயன் என்ற பட்டமும் கொடுத்தான்.

முதலமைச்சரின் வேலை என்ன? அரசனிடம் வருகிற விண்ணப்பங்களைக் கேட்பது. எது நியாயமான முறையீடு, எது வெறும் வாய்ஜாலம் என்று தெரிந்துகொள்வது. அரசன் கோபமாக இருக்கும்போது எதை முதலில் சொல்லவேண்டும், எதைக் கடைசியில் சொல்லவேண்டும் என்று தெரிந்து பேசுவது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

குதிரை வாங்குவதற்காகப் பெரும் பொருளோடு அனுப்பப்பட்டார் வாதவூரர். வழியில் திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில் அடியார்கள் சூழ அமர்ந்திருந்த குருநாதரைக் கண்டார். வந்திருப்பது சிவபெருமானே என்பதை அவர் உள்ளம் கண்டுகொண்டது. அந்த நொடியோடு அமைச்சர் வாழ்க்கை முடிந்தது. குதிரைக்கான பொருள் திருப்பணிக்குப் போனது. பிறகு நரி பரியானதும், பரி மீண்டும் நரியானதும், வைகையில் வெள்ளம் வந்ததும், வந்திப் பாட்டியின் பிட்டுக்காக ஈசன் மண் சுமந்து பிரம்படி பட்டதும், அந்த அடி எல்லா உயிர்கள் மேலும் விழுந்ததும் நீங்கள் அறிந்த கதை.

ஆனால், இந்தக் கதையில் நாம் சட்டென்று கடந்துபோகிற ஓர் இடம் இருக்கிறது.

தனியே நின்றவர்

பாண்டியன் விடுவித்த பிறகு வாதவூரர் ஓடோடிப் போனது திருப்பெருந்துறைக்கு. அங்கே குருநாதர் இன்னும் சில காலம்தான் இருந்தார். பிறகு, தம்மைச் சூழ்ந்திருந்த அடியார்களுக்கெல்லாம் முக்தி அருளி, தாமும் மறைந்துவிட்டார். மாணிக்கவாசகர் மட்டும் தனியே நின்றார்.

இன்றைக்கு ஆவுடையார்கோவில் என்று நாம் அழைக்கிற திருப்பெருந்துறையில், கருவறையில் லிங்கத் திருமேனி கிடையாது. ஆவுடையார் மட்டும்தான். மற்றவர்களுக்கு அது அருவத்தின் தத்துவம். ஆனால் கண்ணால் கண்ட குருவைப் பறிகொடுத்த ஒருவருக்கு அந்த வெறுமை எப்படி இருந்திருக்கும்!

பதவி போயிற்று. ஊர் போயிற்று. உற்றார் விலகினார்கள். யாருக்காக இத்தனையும் விட்டாரோ, அவரும் போய்விட்டார். பலரோடு சேர்ந்து ஒரே வாசலில் காத்திருந்து, மற்ற எல்லோரும் உள்ளே போனபின் தன் முகத்தில் மட்டும் கதவு சாத்தப்பட்டால் எப்படி இருக்கும்? அந்த வேதனையோடு அவர் தலம் தலமாக நடந்தார். நடந்து வந்து சேர்ந்த இடம்தான் உத்தரகோசமங்கை.

பரமக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் சாலையில் சத்திரக்குடியைத் தாண்டிப் பிரிகிற வழியில் சென்றால் இந்தத் தலம். ஸ்வாமி மங்களநாதர். அம்பாள் மங்களேஸ்வரி. வேதத்தின் ரகசியப் பொருளை ஈசன் அம்பிகைக்கு உபதேசித்த இடம் என்பதால் இந்தப் பெயர் வந்ததாக ஐதீகம். மண் தோன்றிய காலத்துக்கும் முந்தைய கோயில் என்று இந்தப் பக்கத்து மக்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஸ்தல விருட்சம் மிகப் பழைமையான இலந்தை மரம். மற்ற சிவாலயங்களில் ஒதுக்கப்பட்ட தாழம்பூ, இங்கே ஸ்வாமிக்குச் சாத்தப்படுகிறது. பொய்சாட்சி சொன்ன பூவுக்கே இங்கே மன்னிப்பு கிடைத்திருக்கிறது!

தல புராணம் இன்னொன்றும் சொல்கிறது. ஈசன் ஆயிரம் முனிவர்களிடம் வேத ஆகமங்களைக் காக்கச் சொல்லிவிட்டு, மண்டோதரிக்கு அருள்புரிய இலங்கைக்குப் போனார். அந்தச் சமயத்தில் மூண்ட அக்னியில் மற்ற முனிவர்களெல்லாம் புகுந்துவிட, ஒருவர் மட்டும் சுவடிகளைக் காத்தபடி நின்றார். அவரே மறுபிறவியில் மாணிக்கவாசகராக வந்தார் என்பது ஐதீகம். பாருங்கள்... அந்தப் பிறவியிலும் எல்லோரும் போய்விட, கடைசியாக மிச்சம் நின்றவர் அவர்தான்.

அப்படிப்பட்டவர் இந்தச் சந்நிதியில் நின்று வாய் திறந்தார்.

அரசனிடம் பேசுவது போல...

நீத்தல் என்றால் விட்டு நீங்குதல். என்னை விட்டு நீங்காதே என்று கேட்கும் விண்ணப்பம் இது. நீங்கள் ஒருமுறை இதைப் படித்தால் முதலில் கண்ணில் படுவது, தொடக்கத்துப் பாடல்களில் திரும்பத் திரும்ப இந்த ஊரின் பெயர் வருவதுதான். இந்த ஊருக்கு அரசனே என்றுதான் ஈசனைக் கூப்பிடுகிறார்.

ஏன் அப்படி? முன்னாள் அமைச்சர் அல்லவா! அரசன் என்று கூப்பிட்டுவிட்டால், குறை கேட்கவேண்டிய கடமை எதிராளிக்கு வந்துவிடுகிறது. கடவுள் என்றால் கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். அரசன் என்றால் வாசலில் நின்று கூப்பிடும் குடிமகனுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். முதல் வார்த்தையிலேயே ஈசனை அரியணையில் உட்காரவைத்து, கட்டிப் போட்டுவிட்டார்!

அடுத்தது அவர் வைக்கிற வாதம். நாமாக இருந்தால் என்ன சொல்வோம்? நான் விரதம் இருந்தேன், விளக்கு போட்டேன், வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தேன், எனக்கா இந்தக் கதி என்போம். மாணிக்கவாசகர் தன் பக்கத்தில் ஒரு நல்ல குணத்தைக்கூடச் சொல்லவில்லை. நான் எல்லோருக்கும் கடைப்பட்டவன் என்றுதான் தொடங்குகிறார். இப்படிப்பட்ட கடையவன் என்று தெரிந்தேதானே கருணையோடு வந்து என்னை ஆட்கொண்டாய் என்கிறார்.

இதில் இருக்கும் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். நான் உத்தமன் என்று சொன்னால், அது பொய் என்று ஈசன் ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். நான் தகுதி இல்லாதவன், அது தெரிந்தும் நீ என்னை எடுத்துக்கொண்டாய் என்றால்? அதே தகுதிக்குறைவைக் காரணம் காட்டி இப்போது கைவிட முடியாதே! தன் குறையையே தனக்குச் சாட்சியாக மாற்றிவிட்டார்.

ஒவ்வொரு பாடலிலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. விட்டுவிடுவாயோ என்று கேட்பதாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம். விட்டுவிடாதே என்று கெஞ்சுவதாகவும் எடுத்துக்கொள்ளலாம். முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒரே வார்த்தையைத்தான் ஐம்பது முறை சொல்லும். அடுப்படியில் எத்தனை வேலை இருந்தாலும், ஒரு கட்டத்தில் நீங்கள் திரும்பிப் பார்த்து அதைத் தூக்கிக்கொள்வீர்கள் இல்லையா? அந்தச் சூட்சுமம்தான் இங்கேயும்.

சின்னஞ்சிறு உயிர்கள்

அரசவையில் பேசிய புலவருக்கு உவமைக்கா பஞ்சம்? மலை, கடல், சிங்கம் என்று பெரிய பெரிய பொருள்களைக் கொண்டு வந்திருக்கலாம். தன்னைச் சொல்லும்போது அவர் எடுத்தவை எல்லாம் மிகச் சிறியவை.

ஆற்றங்கரையில் நிற்கும் மரம். வெள்ளம் வேரை அரித்துக்கொண்டே இருக்கிறது. எப்போது சாயும் என்று அதற்கே தெரியாது. வைகைக்கரை மக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தீயில் போய் விழும் விட்டில்பூச்சி. இரண்டு முனையிலும் தீப்பற்றிய கட்டையின் நடுவே மாட்டிக்கொண்ட எறும்பு. எந்தப் பக்கம் ஓடும் அது? எறும்புக் கூட்டத்தின் நடுவே அகப்பட்ட மண்புழு. தண்ணீர் வற்றிப்போனபின் துவளும் சிறுமீன். பற்றிக்கொள்ளக் கொம்பு இல்லாத கொடி. யானைகள் சண்டை போடும் இடத்தில் முளைத்துவிட்ட சின்னஞ்சிறு புதர்.

மத்திட்டுக் கடைகிற தயிரையும் அவர் விடவில்லை. நாம் வெண்ணெய் திரண்டதா என்றுதான் பார்ப்போம். சுழன்று சுழன்று கலங்குகிற தயிரின் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். புலன்களின் நடுவே என் நெஞ்சு அப்படித்தான் கலங்குகிறது என்கிறார்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒன்று உண்டு. எதிரே பெருங்கடல் இருக்கிறது. கரையில் ஒரு நாய் நிற்கிறது. அத்தனை தண்ணீர் இருந்தும், நாவால் நக்க முடிந்த அளவுதானே அதற்கு? உன் கருணை கடலாக எதிரே விரிந்திருந்தும், எனக்கு எட்டியது அவ்வளவுதான் என்கிறார். குறை கடலில் இல்லை, என்னிடம்தான் என்று ஒப்புக்கொள்கிற பணிவும் இதில் இருக்கிறது. கடல் பக்கத்தில் இருந்தும் தாகம் தீரவில்லையே என்ற ஏக்கமும் இருக்கிறது.

இந்த உவமைகளில் வருகிற எல்லாவற்றுக்கும் ஒரு பொது குணம் உண்டு. இவை எதனாலும் தானாகத் தப்பிக்க முடியாது. யாராவது கை நீட்டி எடுத்தால்தான் உண்டு. எறும்பையும் புழுவையும் மீனையும் ஒவ்வொன்றாகக் காட்டி, கை நீட்டு, கை நீட்டு என்று அவர் மறைமுகமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

பாவு அறாத நெசவு

பரமக்குடியிலும் எமனேஸ்வரத்திலும் தறிச்சத்தம் கேட்டிருப்பீர்கள். இந்த ஊர்ச் சேலை உங்கள் பீரோவிலும் இருக்கலாம். தறியில் ஒரு பாவு தீரும்போது, நெசவாளர்கள் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாகச் சேர்ப்பார்கள். நூல் தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும்.

நீத்தல் விண்ணப்பமும் அப்படித்தான். ஒரு பாடல் எந்தச் சொல்லில் முடிகிறதோ, அதிலிருந்து அடுத்த பாடல் தொடங்கும். இதற்கு அந்தாதி என்று பெயர். அபிராமி அந்தாதி சொல்கிற உங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இங்கே அந்தாதிக்கு ஒரு தனிப் பொருத்தம் இருக்கிறது. என்னை விட்டுவிடாதே என்பதுதான் விண்ணப்பம். அதைச் சொல்லும் பாடல்களும் ஒன்றின் கையை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கின்றன!

அதோடு, இவை கட்டளைக் கலித்துறை என்ற கட்டுப்பாடான யாப்பில் அமைந்தவை. ஓர் அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 எழுத்து. புள்ளி வைத்த எழுத்துகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கண்ணீர் வழிய அழுகிறவர் எழுத்தை எண்ணிக்கொண்டா அழுவார் என்று தோன்றும். உங்கள் வீட்டிலேயே பதில் இருக்கிறது. குழந்தைக்கு உடம்பு சரியில்லாத ராத்திரியில், நெஞ்சு பதைத்தாலும் தாலாட்டின் தாளம் தப்புகிறதா? மனம் நடுங்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு தாளம் வேண்டியிருக்கிறது. மாணிக்கவாசகருக்கு அந்த யாப்பே பிடிமானமாக இருந்திருக்க வேண்டும்.

செல்லமாக ஒரு மிரட்டல்

பாடல்கள் வளர வளர, அழுகை கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாக மாறுகிறது. 49-வது பாடலுக்கு வரும்போது மனிதர் ஈசனையே மிரட்டுகிறார்!

நீ என்னைக் கைவிட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன், ஊரெல்லாம் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்படி செய்வேன் என்கிறார். யானைத் தோலைப் போர்த்திய பித்தன், விஷத்தைச் சாப்பிட்ட பித்தன், சுடுகாட்டில் தீயோடு திரிகிற பித்தன் என்று உன்னை ஏசுவேன் என்று வரிசையாக அடுக்குகிறார். கடைசியாக ஒன்று வைத்தார் பாருங்கள்... என்னைப் போன்றவனையும் அடிமையாக எடுத்துக்கொண்ட பித்தன் என்றும் சொல்வேனாம்!

வெளிப்பார்வைக்கு இது வசை. உள்ளே பார்த்தால் ஒவ்வொன்றும் ஈசனின் பெருமை. யானைத் தோல் என்றால், ஆணவத்தோடு வந்த அசுரனை அடக்கிய வீரம். விஷம் என்றால், தேவர்களைக் காத்த தியாகம். தகுதியற்றவனை ஆட்கொண்டது கருணை. திட்டுவது போலத் துதிப்பதை நிந்தாஸ்துதி என்று பெரியவர்கள் சொல்வார்கள். தமிழில் வஞ்சப்புகழ்ச்சி.

கடவுளை இப்படியெல்லாம் பேசலாமா, பாவம் இல்லையா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். கோபித்துக்கொண்டு பூஜை அறை விளக்கை ஏற்றாமல் இருந்துவிட்டு, பிறகு மனசு கேட்காமல் ராத்திரி எழுந்து போய் ஏற்றியவர்கள் உண்டு. அவர்களுக்கு இது புரியும். யாரிடம் உரிமை இருக்கிறதோ அவரிடம்தானே கோபித்துக்கொள்ள முடியும்? முகம் தெரியாதவரிடம் யாராவது ஊடல் கொள்வார்களா?

ஆனாலும் மாணிக்கவாசகர் அந்த மிரட்டலோடு விண்ணப்பத்தை முடிக்கவில்லை. 49-வது பாடல் ஏசுவேன் என்று முடிகிறது. 50-வது பாடல் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. தொடங்கிய உடனே குரல் குழைந்துவிடுகிறது. நான் ஏசினாலும் சரி, போற்றினாலும் சரி, என் பிழையை நினைத்து வருந்தி நிற்கிறவன் நான் என்கிறார். அற்ப உயிர்களுக்காக இரங்கி விஷத்தையே உண்டவன் ஆயிற்றே நீ என்று நினைவூட்டுகிறார். முந்தைய பாட்டில் வசையாகச் சொன்ன அதே விஷம், இந்தப் பாட்டில் கருணைக்குச் சாட்சியாகிவிட்டது!

அந்தப் பாடல் எந்தச் சொல்லில் முடிகிறது தெரியுமா? கடையவன். முதல் பாடலின் முதல் சொல்லும் அதுதான். 50 பாடல்களும் ஒரு மாலையாகச் சுற்றி வந்து, தொடங்கிய முடிச்சிலேயே சேர்ந்துவிடுகின்றன. இத்தனை வாதம் செய்து, இத்தனை உரிமை கொண்டாடி, கடைசியில் அவர் வந்து நின்றது பழைய இடத்தில்தான். தகுதி ஏதும் சேர்ந்துவிடவில்லை. ஆனால் பற்று மட்டும் இறுகிவிட்டது.

விண்ணப்பம் வீண்போகவில்லை. திருப்பெருந்துறையில் கண்ட அந்தக் குருவின் திருக்கோலத்தை, உத்தரகோசமங்கையில் ஈசன் மீண்டும் காட்டியருளினார் என்பது வரலாறு.

நாடகம் போல் ஒரு பதிகம்

அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டபின் அதே தலத்துக்கு மாணிக்கவாசகர் பாடியது ஊஞ்சல் பாட்டு! திருப்பொன்னூசல் என்ற பதிகத்தில் 9 பாடல்கள். பவளக் கால் நட்டு, முத்து வடம் பூட்டி, பொன் பலகை போட்ட ஊஞ்சலில் பெண்கள் ஆடுகிறார்கள். ஆடிக்கொண்டே உத்தரகோசமங்கைப் பெருமானைப் பாடுகிறார்கள்.

இது மட்டுமா? பெண்கள் காய் வீசி ஆடுகிற அம்மானை, பூப்பறிக்கும் பாட்டு, ஸ்வாமியின் திருமஞ்சனத்துக்கு வாசனைப் பொடி இடிக்கும் பாட்டு என்று பெண்களின் வேலையையும் விளையாட்டையும் எடுத்து, அதில் சிவனை வைத்துத் தந்தார். மார்கழியில் நீங்கள் சொல்லும் திருவெம்பாவையின் 20 பாடல்களும், தோழியை எழுப்பி நீராடப் போகும் பெண்களின் பேச்சாகவே அமைந்தவைதான். மேடை இல்லை, வேஷம் இல்லை. ஆனாலும் அது ஒரு நாடகம். அதைச் சொல்கிற நீங்களும் அதில் ஒரு பாத்திரம் ஆகிவிடுகிறீர்கள்.

இதில் உச்சம் திருச்சாழல். ஒரு பெண் கேலியாகக் கேட்பாள். இன்னொரு பெண் பதில் சொல்வாள். உங்கள் ஸ்வாமி ஏன் சாம்பலைப் பூசுகிறார், ஏன் பாம்பை அணிகிறார், ஏன் சுடுகாட்டில் குடியிருக்கிறார் என்றெல்லாம் கேள்விகள் வரும். தில்லையில் ஈழத்திலிருந்து வந்த பௌத்தர்களோடு வாதம் நடந்தது. அப்போது ஈழ மன்னனின் ஊமை மகளைப் பேசவைத்து, அவள் வாயாலேயே பதில் சொல்லவைத்தார் மாணிக்கவாசகர் என்றும், அதுவே திருச்சாழல் ஆயிற்று என்றும் சொல்வார்கள். எதிராளியின் கேள்வியை மறைக்காமல், மழுப்பாமல் முழுசாகச் சொல்லிவிட்டுப் பிறகு பதில் சொல்வது எவ்வளவு பெரிய துணிச்சல்!

இன்னொன்றையும் கவனியுங்கள். சுடுகாடு, தோல், விஷம்... இவை எல்லாம் உத்தரகோசமங்கையில் அவரே ஈசனை ஏசுவேன் என்று மிரட்டியபோது சொன்னவை. அவற்றையே வேறு யாரோ கேலி செய்தபோது, விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்கிறார். நம் வீட்டு மனிதரை நாம் ஆயிரம் குறை சொல்லலாம். வெளியார் ஒரு வார்த்தை சொல்லட்டும் பார்க்கலாம்!

எழுதிக்கொண்டவர் யார்?

தில்லையில் மாணிக்கவாசகர் இருந்தபோது ஓர் அந்தணர் வந்தார். இதுவரை பாடியதையெல்லாம் சொல்லும்படி கேட்டு, ஓலையில் எழுதிக்கொண்டார். பிறகு கோவை நூல் ஒன்று பாடும்படி வேண்ட, 400 பாடல்கள் கொண்ட திருக்கோவையார் பிறந்தது. தலைவன், தலைவி, தோழி என்று ஒவ்வொருவரும் பேசுவதாக அமைந்த காதல் நாடகம் அது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனவர் மறைந்துவிட்டார். மறுநாள் பொன்னம்பலத்தின் படியில் அந்த ஓலைகள் இருந்தன. கீழே திருச்சிற்றம்பலமுடையான் எழுத்து என்று கையொப்பம்!

பாடல்களுக்குப் பொருள் என்ன என்று தில்லைவாழ் அந்தணர்கள் கேட்டபோது, ஆடல்வல்லானைச் சுட்டிக்காட்டி, இவரே பொருள் என்று உணர்த்தி, அந்தச் சந்நிதியிலேயே கலந்துவிட்டார் மாணிக்கவாசகர். அது ஆனி மாதம், மக நட்சத்திரம்.

என்னை விட்டுவிடாதே என்று ஒரு நாள் அழுதவர் அவர். விடுவதாவது! பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொடுக்கும் கணக்கப்பிள்ளையாகவே ஈசன் வந்துவிட்டார்.

திருவாசகமும் திருக்கோவையாரும் எட்டாம் திருமுறையாக நிலைபெற்றன. 1900-ல் ஜி.யு. போப் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 2005-ல் இளையராஜா அதற்கு மேல்நாட்டு வாத்திய இசையோடு புது வடிவம் கொடுத்தார். இத்தனை காலம் கடந்தும், இத்தனை நாடு கடந்தும் அந்தச் சொல் உருக்குகிறது என்றால் காரணம் இல்லாமலா?

சொல்லும் முறை தெரிந்தவர் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியம், அவர் எதையும் மறைக்காமல் பேசியது. அமைச்சராக இருந்தவருக்குத் தன் குறையை மறைத்துப் பேசவும் தெரிந்திருக்கும். அந்த வித்தையை மட்டும் அவர் சந்நிதிக்குள் கொண்டுபோகவே இல்லை.

நம்மில் பலரும் எல்லோருடைய குறையையும் கேட்டுக்கேட்டு, நம்முடைய குறையைச் சொல்ல ஆளில்லாமல் நிற்கிறோம். கோயிலுக்குப் போனாலும் பிள்ளையின் படிப்பு, கணவரின் உடம்பு, மகளின் கல்யாணம் என்று பட்டியல் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். என்னை விட்டுவிடாதே என்று நமக்காக ஒரு வார்த்தை கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கூச்சப்படவே வேண்டாம். நமக்காக அதைச் சொல்லும் வார்த்தைகளை ஒருவர் ஏற்கெனவே 50 பாடல்களாக நெய்து வைத்திருக்கிறார்.

ஒரு நாளைக்கு ஒரு பாடல் என்று, விளக்கேற்றியதும் படித்துப் பாருங்கள். நேற்று முடித்த சொல்தான் இன்றைக்குத் தொடக்கம். அதனால் மறக்காது. ஐம்பதாவது நாள் முடிக்கும்போது, முதல் நாள் தொடங்கிய சொல்லுக்கே திரும்பி வந்திருப்பீர்கள். அந்தச் சொல்லை அன்றைக்கு நீங்கள் சொல்லும்போது, அதில் பயம் இருக்காது.

தரிசிக்கப் போகிறவர்களுக்கு...

உத்தரகோசமங்கை ராமநாதபுரத்திலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பரமக்குடியிலிருந்து வருகிறவர்கள் சத்திரக்குடியைத் தாண்டிப் பிரியும் சாலையில் வரலாம். இங்கே சுமார் ஐந்தரை அடி உயர மரகத நடராஜர் வருடம் முழுவதும் சந்தனக் காப்பிலேயே இருப்பார். மார்கழித் திருவாதிரைக்கு முந்தைய நாள் சந்தனம் களையப்பட்டு, அபிஷேகம் நடக்கும். மறுபடி சந்தனம் சாத்தப்படும் வரை மரகதத் திருமேனியைத் தரிசிக்கலாம். அன்று கூட்டம் மிக அதிகம். மனம்விட்டு நின்று பேச நினைப்பவர்கள் சாதாரண நாளில் போங்கள். போகும்போது நீத்தல் விண்ணப்பத்தையும், மங்களநாதருக்கு ஒரு தாழம்பூவையும் எடுத்துச் செல்ல மறவாதீர்கள்!